வெட்டுப்படாமல் நின்ற மூன்றில் ஒரு பங்கு

டிஎன்ஏ துண்டுகளைப் பெரியது மேலே, சிறியது கீழே என்று பிரித்துக் கோடாகக் காட்டுவது ஜெல். போன வாரம் ஓட்டிய ஜெல்லில், டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கேஸ்9 புரதம் போடாத செல்களின் லேன் சுத்தமாக இரண்டே பேண்டாக வந்தது. மேலே ஒன்றும் இல்லை. அந்த ‘ஒன்றும் இல்லை’யைப் பார்க்க எனக்குப் பதினொரு வாரம் பிடித்தது. அதில் பாதிக்கு மேல் ஒரு பாவமும் அறியாத நொதியைச் சந்தேகித்தே போனது.

செய்ய நினைத்தது இதுதான். பிளாஸ்மிட் எதுவும் அனுப்பாமல், கேஸ்9 புரதத்தையும், வெட்டவேண்டிய இடத்தை அதற்குக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவையும் குழாயிலேயே கோர்த்து, சுவர் நீக்கிய இலைச் செல்லுக்குள் நேரே தள்ளி, ஒரு மரபணுவில் வெட்டு விழவைப்பது. 2015-ல் அரபிடாப்சிஸ், புகையிலை, லெட்யூஸ், நெல் நான்கின் செல்களிலும் செய்து காட்டப்பட்ட வழி. நான் எடுத்த செடி நிகோட்டியானா பெந்தாமியானா. இலை மெல்லிசு, அகலம், நொதியில் ஊறப்போட்டால் செல் கொட்டும்.

முதல்முறை செய்பவர்கள் வழக்கமாகப் பிடிஎஸ் மரபணுவைத்தான் வெட்டுவார்கள். அது கெட்டால் செடி வெளுத்துவிடும், கண்ணாலேயே தெரியும். ஆனால் என் செல்கள் இரண்டு நாள் இருட்டில் கிடந்துவிட்டு டிஎன்ஏவாகப் போகிறவை. வெளுக்க அவற்றுக்கு நேரம் ஏது? அதனால் நிறத்தை விட்டுவிட்டு, வெட்டுமிடம் வசதியாக அமைந்த வேறொரு மரபணுவைத் தேடினேன். கிடைத்தது: ஜி ஏ ஏ டி டி சி என்ற ஆறெழுத்து, அதை ஒட்டியே டிஜிஜி. அந்த ஆறெழுத்து ஈகோஆர்1 நொதியின் அடையாளம். டிஜிஜி, கேஸ்9 கேட்கும் பேம், அந்த மூன்றெழுத்து பக்கத்தில் இருந்தால்தான் அது வெட்டும். கேஸ்9 பேமுக்கு மூன்றெழுத்து முன்னால் வெட்டும், அதாவது ஈகோஆர்1 இடத்தின் சரி நடுவில். செல் அந்த வெட்டை ஒட்டும்போது ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் ஈகோஆர்1-க்கு அந்த இடம் அடையாளம் தெரியாது. பிசிஆரில் அந்த இடத்தை நகலெடுத்துப் பெருக்கி ஈகோஆர்1 போட்டால், திருத்தம் நடந்த துண்டு மட்டும் வெட்டுப்படாமல் நிற்கும். ‘வெட்டவில்லை என்றால் திருத்தம்’ என்று நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன். என்னைக் கவிழ்த்தது அந்த வரிதான்.

முதலில் புரோட்டோபிளாஸ்ட், அதாவது அந்தச் சுவர் நீக்கிய செல். நான்கு வாரச் செடி, பூ வராதது, மேலிருந்து மூன்றாவது நான்காவது இலை. நொதிக் கரைசலில் செல்லுலேஸ் ஆர்-10 1.5 சதவீதம், மாசெரோசைம் ஆர்-10 0.4 சதவீதம், மானிட்டால் 0.4 மோலார், பொட்டாசியம் குளோரைடும் எம்இஎஸ்ஸும் தலா 20 மில்லிமோலார், பிஎச் 5.7. இதை 55 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, அதன்பின்தான் கால்சியம் குளோரைடும் பிஎஸ்ஏவும் சேர்க்கவேண்டும். நான் முதல் தடவை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சூடாக்கினேன். கலங்கிப்போய், வடிகட்டியில் அடைத்துக்கொண்டது. கொட்டிவிட்டு மறுபடி கலக்கினேன்.

இலையை அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் அகல இழைகளாக நறுக்கவேண்டும். பிளேடு புதிதாக இருக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் ஒரே பிளேடில் பத்து இலை ஓட்டினேன். நான்காவது இலையிலிருந்தே ஓரம் நசுங்கி அடர்பச்சையாகக் கசிந்தது, அந்தக் கசிவு அத்தனையும் செத்த செல். இப்போது இரண்டு இலைக்கு ஒரு பிளேடு. நறுக்கியதை வெற்றிடத்தில் அரை மணி, பிறகு அசைக்காமல் இருட்டில் மூன்று மணி நேரம்.

அடுத்த தப்புக்கு வருத்தப்படவே நேரமில்லை, சிரிப்புதான் வந்தது. செல்களைக் கீழிறக்க 100 ஜி போதும். எங்கள் சென்ட்ரிஃபியூஜின் ரோட்டார் ஆரம் 10 சென்டிமீட்டர், கணக்குப்படி சுமார் 950 ஆர்பிஎம். முன்னால் யாரோ 3000 ஆர்பிஎம்மில் ஓட்டிவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள், நான் பார்க்காமல் ஸ்டார்ட் அழுத்தினேன். வேகம் மூன்று மடங்கு என்றால் விசை ஒன்பது மடங்குக்கு மேல், ஏறத்தாழ 1000 ஜி. வெளியே எடுத்தால் குழாயில் பச்சைக் கஞ்சி. இப்போது மூடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறேன்: ‘ஜி பார்த்தாயா?’

சரியாக வந்த நாளில் 75 மைக்ரான் வலையில் வடித்து, டபிள்யூ5 கரைசலில் கழுவி, ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணினேன். ஒரு கட்டம் மில்லிலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நான்கு மூலைக் கட்டத்தின் சராசரி 85. ஆக மில்லிலிட்டருக்கு எட்டரை லட்சம், கையில் 2 மில்லிலிட்டர், மொத்தம் 17 லட்சம் செல். எம்எம்ஜி கரைசல் 1.7 மில்லிலிட்டரில் கரைத்தால் மில்லிக்குப் பத்து லட்சம். ஒரு குழாய்க்கு 200 மைக்ரோலிட்டர், இரண்டு லட்சம் செல். பிப்பெட் டிப்பின் நுனியை அரை சென்டிமீட்டர் கத்தரித்துவிட்டுத்தான் இந்தச் செல்லைத் தொடவேண்டும். இதை நான் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்ததாக நினைத்துப் பெருமைப்பட்டேன். பக்கத்து மேசையில் கத்தரித்த டிப் ஒரு டப்பா நிறைய இருந்தது.

கேஸ்9 பக்கம் கணக்கு எளிது. புரதம் 160 கிலோடால்டன், குழாய்க்கு 10 மைக்ரோகிராம், அதாவது சுமார் 62 பிக்கோமோல். நூறெழுத்து வழிகாட்டி ஆர்என்ஏ இரண்டு மடங்கு மோல், சுமார் 4 மைக்ரோகிராம். அறை வெப்பத்தில் 10 நிமிடம் கோர்க்கவிட்டு, 20 மைக்ரோலிட்டராகச் செல்லில் சேர்த்து, அதே அளவு 40 சதவீதப் பெக் (புரதம் செல்லுக்குள் நுழைய உதவும் பாலிஎத்திலீன் கிளைக்கால்), அதாவது 220 மைக்ரோலிட்டர். 15 நிமிடம். பிறகு டபிள்யூ5 ஊற்றி நீர்க்கவைத்து, 25 டிகிரி இருட்டில் 48 மணி நேரம்.

செல்லுக்குப் போடுமுன் குழாயிலேயே ஒரு சோதனை செய்தேன். இங்கேதான் முதல் துப்பு கிடைத்தது, கண்ணெதிரே இருந்ததை நான் தள்ளிவிட்டேன். 620 எழுத்து நீளப் பிசிஆர் துண்டு 100 நானோகிராம், அதற்குப் பத்து மடங்கு மோல் கேஸ்9. முதல் ஓட்டத்தில் டிஎன்ஏ, ஜெல்லில் அதை ஊற்றும் கிணற்றை விட்டே கீழே இறங்கவில்லை. கேஸ்9 வெட்டிய பிறகும் டிஎன்ஏவை விடாது, ஜெல்லில் ஏற்றுமுன் புரோட்டினேஸ் கே போட்டு அந்தப் புரதத்தைக் கரைக்கவேண்டும். போட்டேன். 390, 230 இரண்டும் அழகாக வந்தன. மேலே 620-லும் ஒரு பேண்ட், மூன்றில் ஒரு பங்கு. ‘கேஸ்9 ஒரு துண்டை வெட்டினால் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும், எல்லாவற்றையும் வெட்டாது, மிச்சம் இருப்பது சகஜம்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். பத்து மடங்கு போட்டவர் சொல்லக்கூடிய சமாதானமா இது!

இரண்டு லட்சம் செல்லில் டிஎன்ஏ எடுத்தால் கணக்குப்படி அதிகபட்சம் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வரும், எனக்கு 400 நானோகிராம் வந்தது. பிரைமர் (பிசிஆர் நகல் தொடங்கும் இடத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) சோதிக்க இலையில் எடுத்ததுதான் படுத்தியது. சிடிஏபி முறையில் எடுத்த முதல் டிஎன்ஏ பழுப்பாக, மூக்குச்சளி மாதிரி பிப்பெட்டில் இழுத்தது. பழுப்பு ஃபீனால், வழவழப்பு சர்க்கரைச் சங்கிலி. சுத்தத்தைக் காட்டும் 260/230 விகிதம் 0.7 தான். பிவிபி ஒரு சதவீதம் சேர்த்து, குளோரோஃபார்மை இரண்டாம் முறை அடித்து, உப்பைக் கூட்டி வீழ்படிவு எடுத்ததும் 1.9-க்கு வந்தது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி அந்த ஜெல். கேஸ்9 போட்ட செல், பிசிஆர், ஈகோஆர்1, 2 சதவீத அகரோஸ். வெட்டுப்படாத பேண்டின் அடர்த்தி 39 சதவீதம். முதல் முயற்சியிலேயே 39! படத்தை அச்செடுத்து மேடத்திடம் கொண்டுபோனேன். ஒரு நிமிடம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. கேஸ்9 போடாத செல்லு எங்க?”

லேன் மிச்சம் பிடிக்க அதை ஓட்டவில்லை. அன்று சாயங்காலமே ஓட்டினேன். 33 சதவீதம் வெட்டுப்படாமல் நின்றது, ஒன்றுமே போடாத செல்லில்.

இங்கிருந்து கதை ஈகோஆர்1 நொதியின் தலையில் விடிந்தது. அடிக்கடி வெளியே எடுத்து நொதி செத்திருக்கும் என்று முடிவு கட்டினேன். வழக்கமாக 20 மைக்ரோலிட்டருக்கு ஒரு மைக்ரோலிட்டர் போடுவேன், நான்கு போட்டு இரவு முழுவதும் வைத்தேன். நொதி வருவது 50 சதவீதக் கிளிசராலில். ஐந்தில் ஒரு பங்கு நொதி என்றால் வினையில் 10 சதவீதம் கிளிசரால், அனுமதித்த 5 சதவீதத்துக்கு இரண்டு மடங்கு. காலையில் பார்த்தால் மேல் பேண்ட் மெலிந்திருந்தது, ஆனால் கீழே இதுவரை இல்லாத மூன்று பேண்ட். ஸ்டார் ஆக்டிவிட்டி. கிளிசரால் கூடினால் ஈகோஆர்1 குடித்தவன் கதைதான், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கண்டுகொள்ளாமல் வெட்டும். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. மேல் பேண்ட் மெலிந்தது மட்டும்தான் கண்ணில் பட்டது, ‘பார், நொதி போதாமல்தான்’ என்று புதுக் குழாய் திறந்தேன். புதுக் குழாய், சரியான அளவு, அதே 33.

அடுத்து மெத்தில், டிஎன்ஏ எழுத்தின்மேல் செல் ஒட்டிவைக்கும் சிறு வேதிக்குழு. தாவர டிஎன்ஏவில் சைட்டோசின், அதாவது சி எழுத்து, மீது மெத்தில் ஏறுவது விலங்குகளைவிட விரிவாக இருக்கும். சிஜி மட்டுமில்லை, சிஎச்ஜி, சிஎச்எச் இடங்களிலும் ஏறும் (எச் என்றால் ஜி தவிர எந்த எழுத்தும்). சில நொதிகள் மெத்திலைப் பார்த்தால் வெட்டாது. ஆக மூன்றில் ஒரு பங்கு மெத்திலால் மூடிக்கிடக்கிறது என்று ஒரு கொள்கையே கட்டினேன். அதற்கு ஹெச்பிஏ2, எம்எஸ்பி1 என்ற நொதி ஜோடியைக் கடன் வாங்கினேன். இரண்டும் சி சி ஜி ஜி என்ற ஒரே இடத்தைத்தான் தேடும். உள் சைட்டோசினில் மெத்தில் இருந்தால் ஹெச்பிஏ2 நின்றுவிடும், எம்எஸ்பி1 வெட்டிவிடும். இலை டிஎன்ஏவில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். எம்எஸ்பி1 லேன் கீழேவரை இழுபட்டது, ஹெச்பிஏ2 லேனில் பெரும்பகுதி உயரத்திலேயே நின்றது. பார்க்க அத்தனை அழகு. நான்கு நாள் ஆகியிருந்தது. சீனியர் அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

“நீ பிசிஆர் பண்ணித்தானே ஈகோஆர்1 போடுற?”

“ஆமாக்கா.”

“பிசிஆர் மெத்திலையும் சேர்த்தா காப்பி அடிக்குது?”

அடிக்காது. பிசிஆரில் நாம் ஊற்றுவது வெறும் எழுத்து, கோடிக்கணக்கான நகலில் ஒரு மெத்திலும் இருக்காது. முதல் வருடப் பாடம். அந்த ஜெல் படம் இன்னும் நோட்டில் இருக்கிறது, நான்கு நாளின் நினைவாக.

அக்காதான் அடுத்த வழியும் சொன்னார். நொதி நல்லதா கெட்டதா என்று வேறு குழாயில் சோதிக்காதே, அதே குழாயில் சோதி. சந்தேகப்படும் பிசிஆர் துண்டோடு லாம்டா வைரஸின் டிஎன்ஏவையும் கலந்து ஒரே வினையில் வெட்டு. லாம்டாவை ஈகோஆர்1 ஐந்து இடத்தில் வெட்டி ஆறு துண்டாக்கும்: 21226, 7421, 5804, 5643, 4878, 3530. மிகச் சிறியதே 3530 என்பதால் என் 620-உடன் மோதாது. ஒரு சதவீத ஜெல்லில் ஓட்டினேன். 5804-உம் 5643-உம் ஒட்டிக்கொண்டு ஒரே பேண்டாகத் தெரியும், அது சரி. 3530 மட்டும் மங்கலாக இருந்தது, பயந்தேன். லாம்டாவின் இரு முனையும் ஒன்றோடொன்று ஒட்டும் குணமுள்ளவை, முதல் துண்டும் கடைசித் துண்டும் கைகோத்துக்கொண்டு மேலேயே நின்றுவிடும். ஏற்றுமுன் 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்ததும் பிரிந்து தெளிவாக வந்தது. ஆக லாம்டா முழுசாக வெட்டுப்பட்டிருக்கிறது. அதே குழாயில், அதே பஃபரில், அதே நொதியில் என் துண்டு மட்டும் மூன்றில் ஒரு பங்கு அப்படியே நிற்கிறது.

நொதியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மேல் பேண்டை ஜெல்லிலிருந்து அறுத்தெடுத்துச் சீக்வென்ஸ் செய்ய அனுப்பினேன். வந்த எழுத்து: ஜி ஏ ஏ டி டி டி. கடைசி சி இருக்கவேண்டிய இடத்தில் டி.

நிகோட்டியானா பெந்தாமியானா, இரண்டு மூதாதைச் செடிகளின் மரபணுத்தொகுதி ஒன்றுசேர்ந்து உண்டானது. பல மரபணுக்களுக்கு அதில் இரண்டு பதிப்பு இருக்கும், அண்ணன் தம்பி சாயலில். என் பிரைமர் இரண்டையும் ஒன்றாக இழுத்து வந்திருக்கிறது. அண்ணனில் ஈகோஆர்1 இடம் உண்டு, தம்பியில் இல்லை. பிரைமர் தம்பியிடம் கொஞ்சம் கஞ்சத்தனமாகப் பிடித்ததால் பாதிக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு. குழாய்ச் சோதனையில் கேஸ்9 விட்டுவைத்த மூன்றில் ஒரு பங்கும் இதே தம்பிதான். மாறிய எழுத்து பேமுக்கு நேர் முன்னால் இருக்கிறது. வழிகாட்டி ஆர்என்ஏ ஒட்டத் தொடங்கும் இடமே அதுதான். அங்கே ஒட்டாவிட்டால் கேஸ்9 பெரும்பாலும் திரும்பிப் போய்விடும்.

பிரைமரை மாற்றினேன். பக்கத்து இன்ட்ரானில் (மரபணுவில் புரதக் குறியீடு இல்லாத இடைப்பகுதி) இரு பதிப்புக்கும் வேறுபடும் ஓர் எழுத்து இருந்தது. முன்பிரைமரின் 3 பிரைம் நுனி சரியாக அதில் முடியும்படி வைத்து, நுனியிலிருந்து மூன்றாவது எழுத்தை வேண்டுமென்றே தப்பாக வைத்தேன். அண்ணனில் ஒரு தப்பு, தம்பியில் இரண்டு, தம்பியில் ஒட்டமுடியாது. வந்தது, ஆனால் இரண்டும் வந்தன. அரை வாரம் விழித்த பிறகு தெரிந்தது: பிசிஆரில் நகலெடுக்க நான் போட்டது பிழைதிருத்தும் பாலிமரேஸ் நொதி. அது பிரைமர் நுனியில் பொருந்தாத எழுத்தைக் கடித்துத் துப்பிவிட்டுச் சரியானதை வைத்துத் தொடரும். என் தந்திரத்தையே பிழை என்று திருத்தியிருக்கிறது. பிழைதிருத்தாத சாதாரண டாக் பாலிமரேஸுக்கு மாறி, ஒட்டும் வெப்பத்தை 58-லிருந்து 63 டிகிரிக்கு ஏற்றினேன்.

போன வார ஜெல் அதுதான். துண்டு இப்போது 540, வெட்டினால் 350-உம் 190-உம். கேஸ்9 போடாத செல்லில் மேலே வெறுமை. போட்ட செல்லில் மெல்லிய கோடு, 9 சதவீதம். திரும்பச் செய்த இரண்டு குழாயில் 11, 6. மேல் பேண்டைச் சீக்வென்ஸ் செய்ததில் ஓரெழுத்துச் செருகல்களும், ஒன்று முதல் ஏழெழுத்து வரையான இழப்புகளும், எல்லாம் பேமுக்கு மூன்றெழுத்து முன்னால்.

அன்றிரவு பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பழைய பிரைமரில் அண்ணன் பங்கு 67. அதில் 9 சதவீதம் என்றால் 6. தம்பி 33. கூட்டினால் 39. பிசிஆர் கடைசிச் சுற்றுகளில் கலப்பு இழை சேர்ந்து கொஞ்சம் ஏற்றிக் காட்டும், அதை விட்டுவிட்டாலும் முதல் ஜெல்லின் அதே 39. அந்த ஜெல் அன்றே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

செலவு: 500 மைக்ரோகிராம் கேஸ்9 குழாயில் 90 மிச்சம், ஒன்பது குழாய்க்கு வரும். போன 41-இல் புரோட்டோபிளாஸ்ட் கஞ்சியானது, கண்ட்ரோல் இல்லாதது, பழைய பிரைமரில் படித்தது என்று 30-க்கு மேல் பயன்படாது. ஈகோஆர்1 இரண்டு குழாய், ஒன்று தேவையே இல்லாமல் திறந்தது. சீக்வென்சிங் தான் இருந்ததிலேயே மலிவு, அதைத்தான் கடைசியில் செய்தேன். அடுத்த தடவை வழிகாட்டி எழுதுமுன்னே, என் செடியின் இலையிலிருந்தே அந்த இடத்தைப் பெருக்கிச் சீக்வென்ஸ் செய்துவிடுவேன். சீக்வென்ஸ் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு உச்சி ஒன்றன்மேல் ஒன்று தெரிந்தால் அங்கேயே நின்றுவிடலாம். லாம்டா கலந்த குழாய் ஒன்று ஒவ்வொரு ஜெல்லிலும் ஓடும். கேஸ்9 போடாத செல் முதல் லேன், லேன் போதாவிட்டால் வேறு எதையாவது விடுவேன்.

தம்பிக்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லை. மரபணு முழுதாக ஓயவேண்டுமென்றால் இரண்டு பதிப்பிலும் வெட்டு விழவேண்டும். இரண்டிலும் ஒரே எழுத்தாக இருக்கும் இருபதெழுத்து ஒன்று, அடுத்த எக்ஸானில் (இன்ட்ரான் நீங்கிய பின் எஞ்சும் பகுதி) கிடைத்திருக்கிறது. அதில் ஈகோஆர்1 இடம் இல்லை, வேறெந்த வசதியான நொதிக்கும் இடமில்லை. வழிகாட்டிக்கு ஆர்டர் போட்டாயிற்று. மிச்சமுள்ள ஒன்பதில் மூன்றை அதற்கென்று மைனஸ் 20-ல் தனியாகப் பிரித்து, பெயரெழுதி வைத்திருக்கிறேன்.